நாட்டவர் பெயரும் மொழிபெயர்ப்பும்

பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என நீளும் ஊர்வரிசையில் போளூர் என்றொரு சிற்றூர் உண்டு. போளூர் என்றதும் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரையே பலரும் நினைப்பர். நான் குறிப்பது கொடைக்கானல் மலைப் போளூர். சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நம் மாணவர் நாற்பது பேருடன் அங்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு காலைப் பொழுதில், தேநீர்க் கடை வாயிலில் எழுந்த ஒரு சிறு சிக்கலே இக்கட்டுரைக்கு வித்து.

மலையேற்றத்துக்கு வந்த அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர் அக்கடையின் பலகையில் அமர்ந்திருந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இந்த வெள்ளைக்காரம்மா எந்த ஊரு, தம்பி?” என்று நம் மாணவன் ஒருவனைக் கேட்டார். மாணவன் ஆங்கிலத்தில் வினவி விடை பெற்று, “ஜெர்மன்காரங்களாம், தாத்தா” என்றான். பெரியவர் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வாத்தியாரய்யா துலுக்கருங்களா?” என்று கேட்டார். “ஆமாங்கய்யா” என்றேன். “முன்னெல்லாம் பூண்டு வாங்க வர்ற துலுக்கருங்க எங்க வீட்டுத் திண்ணையிலதான் படுத்திருப்பாங்க” என்று கூறி, எனக்கும் சேர்த்துத் தேநீர் போடச் சொன்னார். அச்சொல்லில் இகழ்ச்சி ஏதுமில்லை. மாறாக, பழைய உறவொன்றின் நினைவே இருந்தது.

அப்பெண்மணி விடவில்லை. பெரியவர் என்னிடம் என்ன கேட்டார் என்று அறிய விரும்பினார். “நான் முஸ்லிமா என்று கேட்டார்” என ஆங்கிலத்தில் கூறினேன். அருகிலிருந்த மாணவனுக்கு அது நிறைவளிக்கவில்லை. சொற்பிறப்பியல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை மறவாத அவன், “நீங்கள் துருக்கியரா என்றுதான் அவர் கேட்டார், அம்மையீர், அதுவே அச்சொல்லின் நேர்ப்பொருள்” என்று விளக்கிவிட்டான். அம்மையார் வியப்புடன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் வாழும் தெருவில் துருக்கியக் குடும்பங்கள் பல உண்டாம். மேற்கு ஜெர்மனி 1961ஆம் ஆண்டு துருக்கியுடன் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் வழியே சென்று குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். துருக்கியர் முகம் அவருக்கு நன்கு தெரியும். என் முகம் அதில் சேரவில்லை.

அன்று யாருடைய மொழிபெயர்ப்பு சரி? என்னுடையதா, மாணவனுடையதா? மாணவன் சொல்லைப் பெயர்த்தான், பொருள் கைநழுவிற்று. நான் பொருளைப் பெயர்த்தேன். ஆயின் பெரியவர் ஆண்ட சொல்லை மறைத்துவிட்டேன். நாட்டவர் பெயர்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது எளிய பணி என்று எண்ணுவோர் பலர். அகராதியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அவ்வளவே என்பர். அது அவ்வளவன்று என்பதே என் கருத்து.

முதலில் அந்த அம்மையாரின் நாட்டுப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய மொழியில் அந்நாட்டு ஆண் தன்னை ‘டாய்ச்சர்’ என்பான். பெண் தன்னை ‘டாய்ச்செ’ என்பாள். அது பெயர்ச்சொல்லாக வழங்கினும் பெயரடையைப் போல வேற்றுமைதோறும் ஈறு மாறும் விந்தையான சொல். பிற நாட்டவர் பெயர் பலவற்றில் பெண்பாலுக்கு ‘இன்’ என்னும் விகுதி சேரும். ஆங்கிலத்துக்கு வந்தால் ஆண்பால் பெண்பால் வேறுபாடு மறைந்து ‘ஜெர்மன்’ என்ற ஒரு சொல்லே எஞ்சும். அங்கும் ஒரு நுட்பம் உண்டு. ‘ஐ ஆம் ஜெர்மன்’ என்பதே இன்றைய இயல்பான, பண்பான வழக்கு. ‘ஐ ஆம் எ ஜெர்மன்’ என்று பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் பிழையில்லை. ஆனால் சற்று அழுத்தமாக, முத்திரை குத்தியது போல் ஒலிக்கும். துருக்கியரைக் குறிக்கும்போது இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகும். பேச்சு வழக்கில் நாட்டவர் பெயரைக் குறுக்கி வழங்கும்போது அது செல்லப் பெயராவதும் உண்டு, வசையாவதும் உண்டு. ஆஸ்திரேலியரின் குறுக்கப் பெயர் அவர்களே மகிழ்ந்து ஏற்பது. பாகிஸ்தானியர் பெயரையோ ஜப்பானியர் பெயரையோ அவ்வாறு குறுக்கினால் அது வசை. இலக்கண விதி ஒன்றே, விளைவுகள் வேறு. அகராதி இதனைச் சொல்லித் தராது.

இன்னொரு வேடிக்கை. ‘டாய்ச்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தின் ‘டச்’ என்ற சொல்லும் உடன்பிறப்புகள். ‘மக்களுக்குரியது’ என்னும் பொருள்படும் பழஞ்சொல்லே இரண்டுக்கும் வேர். முற்காலத்தில் ஆங்கிலேயர் ஜெர்மானியரையும் ஒல்லாந்தரையும் வேறுபாடின்றி ‘டச்’ என்றே அழைத்தனர். பின்னர் அச்சொல் ஒல்லாந்தரோடு நின்றுவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ‘டச்’ எனப்படுவோர் இன்றும் ஜெர்மானிய வழியினரே. ஆக, நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை ஆண்டவர்களை நாம் ‘டச்சுக்காரர்’ என்று எழுதும்போது, ஜெர்மானியர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரின் உறவுச் சொல்லால் வேறு நாட்டவரைக் குறிக்கின்றோம். அதற்கு முன்னரே தமிழில் ‘ஒல்லாந்தர்’ என்ற அழகிய சொல் இருந்தது. அதனைக் கைவிட்டோம். நாகப்பட்டினத்துக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டவர். ஆயினும் பிறப்பால் ஜெர்மானியர். அவர் பிறந்த காலத்தில் ஜெர்மனி என்றோர் ஒன்றுபட்ட அரசு இல்லை. அது 1871இல்தான் தோன்றியது. 1949இல் இரண்டு அரசுகளாயிற்று. 1990இல் மீண்டும் ஒன்றாயிற்று. அரசுகள் தோன்றின, மறைந்தன. மக்கள் பெயர் நின்றது. தொல்காப்பியர் உயர்திணைப் பெயர்களுள் நிலப்பெயர், குடிப்பெயர் என இரண்டைத் தனித்தனியே எண்ணுவார். அந்நோக்கில் அமெரிக்கர் என்பது நிலப்பெயர். ஜெர்மானியர் என்பது குடிப்பெயராகத் தொடங்கிப் பின்னரே நிலத்தைப் பற்றிய பெயர். இந்த வேறுபாட்டை மேலை மொழியியல் நூல் ஒன்றில் படித்திருந்தால் நம் மாணவர் மறக்கமாட்டார்கள்!

இதே மக்களைப் பிரெஞ்சுக்காரர் தம் பக்கத்திலிருந்த ‘அலமான்னி’ என்ற குடியின் பெயரால் அழைத்தனர். அரபு மொழிக்கு ‘அல்மானீ’ என்று சென்றது அச்சொல்லே. கிழக்கே இருந்த சிலாவிய மக்களோ அவர்களை ‘ஊமையர்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். நம் மொழி பேசத் தெரியாதவன் ஊமை என்பது அவர்கள் கணக்கு. அரபியர் பாரசீகரை ‘அஜம்’ என்றதும் ஏறத்தாழ இப்பொருளிலேயே. நம் முல்லைப்பாட்டிலும் பாசறையில் காவல் காக்கும் மிலேச்சர் சைகையால் பேசுவோராகவே வருகின்றனர். அரபியர்க்கும் அஜமிக்கும் இடையே உயர்வு தாழ்வு இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் சொல்ல வேண்டியிருந்தது என்றால், ஒரு பெயருக்குள் எத்துணைச் செருக்கு உறைந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘ஐயோனியர்’ என்ற கிரேக்கக் குடிப்பெயர் நம் சங்கப் பாடல்களில் ‘யவனர்’ என்று வழங்கிற்று. பின்னர் அதுவே திரிந்து ‘சோனகர்’ ஆகி, கடல் வழி வந்த அரபு வணிகரையும் அவர் வழியினரையும் குறித்தது என்பது அறிஞர் கொள்கை. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் ‘சோனகன் சாவூர் பரஞ்சோதி’ என்றொருவர் குறிக்கப்படுகிறார். கிரேக்கத்தில் புறப்பட்ட சொல் அரபியரைச் சுட்டித் தமிழரான முஸ்லிம்களிடம் வந்து தங்கிற்று. ‘பறங்கி’யின் பயணம் இதனினும் நெடிது. சிலுவைப் போர்க்காலத்தில் பிராங்கியரைக் குறித்து அரபிலும் பாரசீகத்திலும் வழங்கிய சொல் அது. தமிழில் போர்ச்சுக்கீசியரைக் குறித்தது. பின்பு ஓர் ஊருக்கும் ஒரு காய்க்கும்கூடப் பெயராயிற்று. அவ்வூரில் வாழும் முஸ்லிம்கள் தம் ஊரை ‘மஹ்மூது பந்தர்’ என்று சொல்வதையும் மறந்துவிடலாகாது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ராபர்ட் டி நொபிலி, தாம் பறங்கி அல்லர், உரோமாபுரி உயர்குடியினர் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அக்காலத்து மதுரையில் பறங்கி என்பது நாட்டுப் பெயராக இருக்கவில்லை. தீண்டத்தகாத ஒழுக்கத்தார் என்ற தீர்ப்பாகவே இருந்தது. அதனை ஆங்கிலத்தில் ‘பிராங்கியர்’ என்று பெயர்ப்பவர், போளூரில் என்னைத் துருக்கியராக்கிய என் மாணவனுக்கு அண்ணன் முறை.

கொடைக்கானல் மலையிலேயே வேறொரு சான்று கிடைக்கும். 1845இல் அங்கு முதன்முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். செண்பகனூரில் இயேசு சபைக் கல்லூரியை 1895இல் நிறுவியோர் பிரெஞ்சு நாட்டுத் துறவியர். ஆங்கிலேய அதிகாரிகள் வேறு. மலை மக்களுக்கு இவர்கள் அனைவரும் ஒரே ‘வெள்ளைக்காரர்’. நாட்டவர் பெயரைத் தோலின் நிறம் விழுங்கிவிட்டது. ஆனால் 1914இல் உலகப் போர் மூண்டதும் அந்த ஒற்றைச் சொல் உதவவில்லை. தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்கள் பகைநாட்டவராகக் கருதப்பட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்தம் பணியைச் சுவீடன் நாட்டவர் ஏற்றனர். நேற்றுவரை ஒரே வெள்ளைக்காரர். இன்று ஒருவர் பகைவர், மற்றவர் நண்பர். பெயர் வெறும் பெயராக இருப்பது அமைதிக் காலத்தில்தான் போலும்.

விகுதிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஜெர்மானியர், சீனர், அரபியர் என ‘அர்’ ஈற்றுப் பெயர்கள் எழுத்து வழக்குக்கு உரியவை. ஜெர்மன்காரர், சீனாக்காரர் எனக் ‘காரர்’ பெறுபவை பேச்சுக்கு உரியவை. பேச்சு வழக்கு என்பதனாலேயே ‘காரர்’ இழிந்தது என்று நம் மாணவர் சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. ஊர்க்காரர், உறவுக்காரர், வீட்டுக்காரர் என்பவற்றில் இழிவு எங்கே இருக்கிறது? இழிவு ஒருமையில் இருக்கிறது. ‘காரன்’ என்னும்போது சற்றும், ‘காரி’ என்னும்போது மிகுதியும் புலப்படுகிறது. பேச்சுத் தமிழ் இதற்குத் தானே ஒரு மருந்து கண்டுவைத்துள்ளது: வீட்டுக்காரம்மா, வெள்ளைக்காரம்மா. போளூர்ப் பெரியவர் வாயில் வந்தது அதுவே. நம் மாணவன் ‘ஜெர்மன்காரங்க’ என்றதும் நல்ல மொழிபெயர்ப்பே. ஜெர்மானிய மொழி பாலைக் காட்டிற்று. ஆங்கிலம் அதை விட்டது. தமிழ் பாலையும் கடந்து மதிப்பைக் காட்டிற்று. ஆயினும் தன்மையில் இடர்ப்பாடு உண்டு. ‘நான் ஜெர்மானியர்’ என்று ஒருவர் தம்மைத் தாமே உயர்த்திச் சொல்லிக்கொள்ள முடியாது. அப்பெண்மணியின் கூற்றை எழுத்துத் தமிழில் தருவதானால் ‘நான் ஜெர்மன் நாட்டவள்’ என்றுதான் எழுதல் வேண்டும். ‘ஜெர்மானியப் பெண்’ என்றாலும் பொருந்தும். மாணவர் விடைத்தாள்களில் பெருகிவரும் ‘ஜெர்மன்ஸ்கள்’ பற்றி இங்கு ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

‘துலுக்கர்’ என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். துருக்கர் என்பதன் திரிபான இச்சொல்லுக்குத் தமிழில் நெடிய வாழ்வு உண்டு. திருவரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதி உள்ளது. துலுக்கச் சாமந்தி நம் தோட்டங்களில் பூக்கிறது. நெல்லை மாவட்டத்தில் அகழாய்வு நடந்த ஊரின் பெயர் துலுக்கர்பட்டி. துருக்கியிலிருந்து ஒருவர்கூட வந்திராத ஊர்களிலும் முஸ்லிம்கள் துலுக்கர் எனப்பட்டனர். எங்கள் குடும்பம் ராவுத்தர் குடும்பம். குதிரை வீரரைக் குறிக்கும் அச்சொல்லால் அருணகிரிநாதர் முருகனையே அழைத்தார் என்பது பழனியடிவாரத்தார் அறிந்த செய்தி. இன்று ‘துலுக்கர்’ என்பதைக் கேட்டு முகம் சுளிக்கும் இளைஞரை நான் குறை சொல்லேன். மேடையிலும் சுவரொட்டியிலும் அச்சொல்லை வசையாக எறிவோர் உளர்; அடிபட்டவனுக்கே வலி தெரியும். ஆனால் போளூர்ப் பெரியவர் எறியவில்லை. அவருக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றே. எழுத்தில், அலுவலகத்தில், பாடநூலில் ஒரு மக்களை அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயராலேயே குறிக்கவேண்டும். அங்கே ‘முஸ்லிம்’ என்பதே தக்கது. ‘முகம்மதியர்’ என்று ஆங்கிலேயர் வழங்கிய பெயரையும் இக்காரணத்தாலேயே நாம் விலக்கினோம். 1875இல் அலிகரில் தொடங்கிய கல்லூரியின் பெயரிலேயே அது இடம்பெற்றிருந்தது. 1920இல் பல்கலைக்கழகமானபோது ‘முஸ்லிம்’ என்று மாறிற்று. பேச்சைப் பதிவு செய்யும்போதோ பேசியவர் சொல்லை மாற்ற நமக்கு உரிமையில்லை. மாற்றினால் பெரியவரின் அன்பும் போய்விடும். பிறிதோரிடத்தில் எறிபவரின் குற்றமும் மறைந்துவிடும்.

பிறர் இட்ட பெயரை மாற்றிக்கொள்வது எத்துணைப் பெரிய வழக்காகும் என்பதற்கு இலங்கை சான்று. அங்குள்ள முஸ்லிம்களைப் போர்ச்சுக்கீசியர், வட ஆப்பிரிக்க மக்களுக்குரிய பெயரால் ‘மூர்’ என்றனர். தமிழில் அதற்கு நேராகச் ‘சோனகர்’ நின்றது. ஆங்கில ஆட்சியின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதனை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என இரண்டாகப் பிரித்தது. இவர்கள் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை படித்தார். சட்டமன்றத்தில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் உண்டா இல்லையா என்ற கேள்வி அக்கட்டுரையின் பின்னே நின்றது. 1889இல் அவ்விடம் கிடைத்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு மறுப்பு நூலே எழுதினார். வீட்டில் தமிழ் பேசுவோரைத் தமிழர் என்பதா, சோனகர் என்பதா? அகராதிக்காரருக்கு அது சொல் வினா. அங்கு வாழ்ந்தோருக்கு அது இட வினா, உரிமை வினா.

இவ்வளவும் பிறர் நமக்கு இட்ட பெயர்களைப் பற்றியவை. நாம் பிறர்க்கு இடும் பெயர்? நம் சமுதாயப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். நம் வீடுகளிலும் கடைகளிலும் முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரை எப்படிக் குறிக்கிறோம்? “அது நம்மாளுங்க வீடு இல்ல, தமிழாளுங்க வீடு” என்கிறோம். நான் சிறுவனாக இருந்தபோது என் வீட்டிலும் கேட்டு வளர்ந்த பேச்சு இது; தீய எண்ணத்துடன் எவரும் சொல்வதில்லை என்பதும் அறிவேன். ஆனால் இதனை எந்த மொழிக்கேனும் பெயர்த்துப் பாருங்கள். அவர்கள் தமிழர் என்றால் நாம் யார்? எந்த நாட்டவர்? நம்மைத் துருக்கராக்கிய குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தும் நாமே, தமிழர் என்னும் பெயரைக் கழற்றிப் பிறர் கையில் கொடுத்துவிடுகிறோம். சீறாப்புராணம் கற்பிக்கும் துறையில் நின்றுகொண்டு இதனைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

போளூர் முகாம் அறிக்கையை அதே மாணவன்தான் எழுதி வந்தான். ‘ஜெர்மன்காரி ஒருத்தி’ என்றிருந்ததை ‘ஜெர்மானியப் பெண்மணி ஒருவர்’ என்று திருத்தினேன். பெரியவரின் கேள்வியில் ‘துலுக்கருங்களா’ என்று முதலில் எழுதி, என் மனம் நோகுமே என்று அதனை அடித்து ‘இஸ்லாமியரா’ என்று மாற்றியிருந்தான். அடித்த சொல்லையே மீண்டும் எழுதச் சொன்னேன். கடைசிப் பக்கத்தில், ‘முகாமில் நம் மாணவர்களோடு தமிழர்கள் பன்னிருவரும் கலந்துகொண்டனர்’ என்றொரு வரி இருந்தது. சிவப்பு மையால் அதன் கீழே கோடிட்டு, ‘மற்ற இருபத்தெண்மர் எந்த நாட்டவர்?’ என்று பக்கவாட்டில் எழுதித் திருப்பித் தந்தேன். மறுநாள் வந்த படியில் அந்த வரி, ‘முகாமில் நாற்பது மாணவர் கலந்துகொண்டனர்’ என்றிருந்தது.